மகளுக்காக வைத்த கையெழுத்து

என் மகளின் கலியாணப் பதிவுப் பிரதி எங்கள் அலுமாரியில், காணி உறுதிக்கும் வைத்தியசாலைத் துண்டுகளுக்கும் நடுவே கிடக்கிறது. அதில் மாப்பிள்ளையின் கையெழுத்து இருக்கிறது. பதிவாளரின் கையெழுத்து இருக்கிறது. சாட்சிகள் இரண்டு பேரும் வைத்திருக்கிறார்கள். மணப்பெண்ணின் கையெழுத்து மட்டும் இல்லை. அவளுக்காக அவளுடைய வலீ, அதாவது பொறுப்பான ஆண், வைப்பதுதான் எங்களிடையே வழக்கம். அந்த வலீ நான்தான், அவளுடைய தகப்பன்.

கையெழுத்து வடிவாகத்தான் இருக்கிறது. எழுத்து வேலை பார்த்துச் சோறு தின்றவன் அல்லவா! கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு வளைவு வேறு இழுத்து விட்டிருக்கிறேன். அந்த வளைவைப் பார்க்கும்போதெல்லாம் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல வரும்.

புத்தளம் டவுனில், நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு சட்டத்தரணியிடம் இருபத்தாறு வருடம் கிளாக்கராக இருந்தேன். அவரை நாங்கள் சேர் என்போம். வருகிறவர்களின் கதையைக் கேட்டு, சேர் சொல்லச் சொல்லத் தட்டச்சில் அடித்து, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவது என் வேலை. அந்த வேலையில் நான் பொல்லாதவன். வாசித்துக் காட்டாமல் எவரிடமும் கையெழுத்து வாங்கமாட்டேன். வாசித்த பிறகு "வெளங்கிச்சா?" என்று கேட்பேன். தலையாட்டினால் ஏற்கமாட்டேன். "தலையாட்டினா காணாது, வாயால சொல்லுங்க" என்பேன். எழுதப் படிக்கத் தெரியாத மீன்காரப் பெண்கள் பெருவிரலில் மையைப் பூசிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் வாயைத் திறந்து "ஓம், வெளங்கிச்சு" என்று சொல்லும் வரைக்கும் தாளைக் கிட்டே கொடுக்கமாட்டேன். ஒருமுறை ஒரு கிழவர் கோபித்துக்கொண்டு, "ஜட்ஜ் ஐயாவே இவ்வளவு கேக்கமாட்டார்" என்றார். அந்தப் பேச்சை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டு பல வருடம் சொல்லித் திரிந்தேன்.

என் விரல்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. காதில் விழுவது அப்படியே தாளில் இறங்கிவிடும். நினைப்பு எங்கேயோ இருக்கும்; விரல் மட்டும் கேட்டதை அடித்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் எல்லைத் தகராறு ஒன்றில் சத்தியக் கடதாசி அடித்துக்கொண்டிருந்தபோது, சேர் வாசலில் நின்ற தேநீர்க்காரனிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். தாளை எடுத்துப் பார்த்தால், "மேற்படி காணியின் வடக்கு எல்லையில் ஒரு பிளேன்டீ சீனி குறைய" என்று இருந்தது.

"என்ன கிளாக்கர், காணிக்குள்ள கடையும் போட்டாச்சா?" என்று சேர் கேட்டார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

அப்படிப் பிழை வந்தால் நான் தாளைக் கழற்றமாட்டேன். தட்டச்சு மெசினின் வண்டியைப் பின்னுக்குத் தள்ளி, கோட்டு விசையைத் தட்டி, பிழையின் மேல் ஒரே ஓட்டமாகக் கோடு அடித்துவிட்டு மேலே போவேன். முதல் படிதானே, திருத்திய பிறகு புதிதாக அடிக்கலாம். முதல் படிக்கும் அடியில் காபன் தாள் வைப்பேன். எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி வைத்திருப்பது என் சுபாவம். வீட்டில் மனைவி இதைக் குப்பை என்பாள்.

நாங்கள் மன்னார்ப் பக்கத்தவர்கள். தொண்ணூறாம் ஆண்டு, யுத்தத்துக்குள், வடக்கிலிருந்த எல்லா முஸ்லிம்களோடும் சேர்த்து வெளியேற்றப்பட்டு, உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கு வந்தோம். அடுத்த வருடம், கரைத்தீவில் களப்போரம் போட்ட ஓலைக் கொட்டிலில் மகள் பிறந்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. அவளுக்கு மன்னார் என்றால் எங்கள் வாயால் கேட்ட கதை. களப்பும், உப்புக் காற்றும், வெள்ளிக்கிழமைச் சந்தையும், பள்ளிக்கூடத்துக்குப் போகும் மணல் ரோட்டும்தான் அவளுடைய ஊர். எங்களைப் பார்த்து யாராவது "அகதி" என்றால் எனக்குச் சுருக்கென்று குத்தும். அவளுக்குச் சிரிப்பு வரும். "நான் எங்கயிருந்து வாப்பா வந்தேன்? இஞ்சதானே பொறந்தேன்" என்பாள்.

யுத்தம் முடிந்ததும் எங்கள் ஆட்களுக்கு ஊர்ப் பைத்தியம் பிடித்தது. எனக்குத்தான் கூடப் பிடித்தது. லொறி பிடித்துப் போய்ப் பார்த்தோம். என் வீடு இருந்த இடத்தில் காடு நின்றது. கத்தியால் வெட்டிக்கொண்டு உள்ளே போனால் கிணறு மட்டும் கிடந்தது. அதன் சுற்றுக்கட்டின் மேல் உட்கார்ந்து பிள்ளைகளைப் போல அழுதேன். பக்கத்துக் காணியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தான் ஓர் இளைஞன். என் ஒன்றுவிட்ட மச்சானின் மகன். எனக்கு ஓர் இளநீர் வெட்டித் தந்தான். மரியாதையான பொடியன். வீட்டுத்திட்டம் வருகிறது என்றும், குடும்பமாகப் பதிந்தவர்களுக்குத்தான் முதலில் கிடைக்கும் என்று பேச்சு என்றும், தான் இன்னும் தனி ஆளாக இருப்பதாகவும் சொன்னான். சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தான்.

திரும்பி வரும்போது லொறியிலேயே நான் முடிவெடுத்துவிட்டேன். இதை ஒளிக்க விரும்பவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை தேடினேன் என்று பிறகு ஊரெல்லாம் சொன்னேன். உண்மையில் என் கிணற்றுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு வாசல் தேடினேன். எனக்கு வேலை டவுனில், மனைவிக்குச் சுகமில்லை, நாங்கள் உடனே போக முடியாது. அதனால் அவளை அனுப்பினேன்.

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு. ஆசிரியர் பயிற்சிக்கான கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்து, நேர்முகப் பரீட்சைக்குக் கடிதமும் வந்திருந்தது. கலியாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. நேர்முகம் அடுத்த புதன்கிழமை. கடிதத்தை அவள் என்னிடம் காட்டினாள். "கலியாணத்துக்குப் பொறவும் படிக்கலாம் மக. மாப்புள ஒண்டும் சொல்லமாட்டாரு" என்றேன். மாப்பிள்ளையிடம் நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

மனைவிதான் ஒரு நாள் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"இஞ்சேருங்க, புள்ளைட்ட ஒரு சொல்லு கேளுங்க. மொகம் நல்லால்ல."

"நிக்காஹ் அண்டைக்கு நான்தானே உள்ள போய்க் கேக்கப் போறேன்? அப்ப கேப்போம்" என்றேன்.

என் பிழை அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. கேட்பதற்கென்று ஒரு சடங்கு இருக்கும்போது, அதற்கு முன்னால் எதற்காகக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேள்வியைச் சடங்கிடம் ஒப்படைத்துவிட்டு நான் பந்தல்காரனைத் தேடிப் போனேன்.

அந்த வாரம்தான் சேர் எனக்கு ஒரு வேலை தந்தார். பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அவர் சொற்பொழிவு செய்வதாக ஒப்புக்கொண்டிருந்தார். பிள்ளை எப்போது பெற்றோரின் அதிகாரத்திலிருந்து விடுபடுகிறது, சட்டத்தில் அதன் சரித்திரம் என்ன என்பது தலைப்பு. ஆங்கிலத்தில் குறிப்பு எழுதித் தந்து, "வடிவாத் தமிழாக்குங்க கிளாக்கர். ஆக்களுக்கு நித்திர வரக் கூடாது" என்றார். கலியாண வேலை இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்படியான வேலை எனக்கு உயிர். வியாழன் தொடங்கி, பந்தல் போடுகிற சத்தத்துக்கு நடுவே, வீட்டு முன் விறாந்தையில் மேசையைப் போட்டு, சேரின் மெசினைக் கொண்டுவந்து வைத்து அடித்தேன்.

அதை அடிக்கும்போது எனக்கு நேரம் போனது தெரியவில்லை. பழைய ரோமாபுரியில் தகப்பனுக்குப் பிள்ளை மேல் இருந்த அதிகாரத்துக்கு வயதெல்லை கிடையாது. மகனுக்குத் தலை நரைத்தாலும், அவன் ஊருக்குத் தலைவனானாலும், தகப்பன் உயிரோடு இருக்கும் வரை அவன் பிள்ளைதான். விடுபட வேண்டுமென்றால் ஒரு வேடிக்கையான வழி இருந்தது. தகப்பன் மகனை மூன்று முறை விற்றால், அதன் பிறகு மகன் மேல் அவனுக்கு உரிமை இல்லை. தன் பிள்ளையைத் திரும்பத் திரும்ப விற்கிறவனுக்குத் தண்டனையாகத் தொடங்கிய விதி அது. பிறகு நல்ல தகப்பன்களும் நம்பிக்கையான ஒரு சிநேகிதனைக் கூப்பிட்டு, பொய்யாக மூன்று முறை விற்று, மகனை விடுவித்தார்கள். மகளென்றால் அவ்வளவு சிரமம் வேண்டாம். ஒரு முறை போதும்.

காலம் போகப் போக விற்பனை நாடகம் ஒழிந்து, அதிகாரியின் முன்னால் தகப்பன் ஒரு சொல் சொன்னால் போதும் என்று வந்தது. ஒல்லாந்தர் அதைத் தங்கள் வழக்கத்தோடு கலந்து எடுத்துக்கொண்டார்கள். கற்பிட்டியில் கோட்டை கட்டியவர்கள் அந்தச் சட்டத்தையும் கப்பலில் ஏற்றி வந்து இங்கே இறக்கிவிட்டுப் போனார்கள். அவர்களிடம் இருபத்தைந்து வயதானால் விடுதலை. கலியாணம் முடித்தாலும் விடுதலை. பெண் பிள்ளை தகப்பனின் கையிலிருந்து புருஷனின் கைக்குப் போவாள். அதற்கும் விடுதலை என்றுதான் பெயர். இன்னொரு வழியும் இருந்தது. பிள்ளை தனியாகக் குடியிருந்து, தன் தொழிலைத் தானே பார்த்து, அதைத் தகப்பன் கண்டும் பேசாமல் இருந்தால், அந்த மௌனத்தையே சம்மதமாக எடுத்துப் பிள்ளை விடுபட்டதாகக் கொள்வார்கள். வெள்ளைக்காரன் வந்து இருபத்தொரு வயது என்று வைத்தான். நம் காலத்தில் அது பதினெட்டு ஆனது.

பதினெட்டு என்று அடித்தபோது, அதே விறாந்தையில் பத்தொன்பது வயதுப் பிள்ளை தேங்காய் துருவிக்கொண்டிருந்தது. நாட்டின் சட்டப்படி அவள் காணி வாங்கலாம், விற்கலாம், வாக்குப் போடலாம். நான் அவளை நிமிர்ந்து பார்த்ததாகக்கூட நினைவில்லை. முஸ்லிம்களான எங்கள் கலியாணச் சட்டம் வேறு என்பது எனக்குத் தெரியும். அது சேரின் குறிப்பில் இல்லை. அதனால் நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் எனக்குத் தேநீர் கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"என்ன வாப்பா அடிக்கிறீங்க?"

நான் உற்சாகமாகச் சொன்னேன். மகனை மூன்று முறை விற்கும் கதையைச் சொன்னேன்.

"அப்ப பொம்புளப் புள்ளய?"

"அதுக்கு ஒருக்கா வித்தாக் காணும்" என்று சொல்லிச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "அந்தப் புள்ளைட்ட ஆராச்சும் கேட்டாங்களா?"

"அதெல்லாம் புத்தகத்தில இல்ல மக."

நான் மறுபடி அடிக்கத் தொடங்கினேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் அங்கே நின்றாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. தேநீர் ஆறிப்போனது ஞாபகம் இருக்கிறது. அடுத்த நாள் சேரிடம் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, மகள் கேட்ட கேள்வியை நகைச்சுவையாகச் சொன்னேன். "கெட்டிக்காரி. சட்டம் படிக்க வெக்கலாம்" என்றார் சேர். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லுஹர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். பதிவாளர் வந்து பாயில் உட்கார்ந்து பெரிய புத்தகத்தை விரித்தார். நான் சாட்சிகளோடு உள்ளறைக்குப் போனேன். கட்டிலில் மகள் உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க முக்காடு. சுற்றிவரப் பெண்கள், மல்லிகை மணம், வியர்வை, மின்விசிறியின் சத்தம்.

மார்க்கம் கேட்கத்தான் சொல்கிறது. கன்னிப் பெண் வெட்கத்தில் வாய் திறக்கமாட்டாள், அவள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் இளக்கமும் தருகிறது. அது வெட்கப்படுகிற பிள்ளைக்குக் கொடுத்த சலுகை. அதை நான் எனக்குக் கிடைத்த சலுகையாக எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் பெயரையும் அவர் பெண்ணுக்குத் தரும் மஹர் தொகையையும் சொல்லி, "ஒன்ன முடிச்சுத் தர எனக்குச் சம்மதம் தாறியா மக?" என்று கேட்டேன்.

அவள் பேசவில்லை. முக்காட்டுக்குக் கீழே அவளுடைய இரண்டு கைகளும் தெரிந்தன. மருதாணி வைத்த கைகள். ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்திருந்தன.

"புள்ள வெக்கப்படுது. சம்மதம்தான், போங்க போங்க" என்றார் மாப்பிள்ளையின் பெரியம்மா. பெண்கள் சிரித்தார்கள். நான் திரும்பி நடந்தேன். எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று பிறகு பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். மெசினில் ஒரு தாளை மாற்றுகிற நேரம்கூட இருக்காது. பெருவிரலில் மையோடு நின்ற மீன்காரப் பெண்ணுக்கு நான் கொடுத்த நேரத்தை என் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. வாயால சொல்லு என்று அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம் இருந்தது. அந்தப் பயம் எனக்கு இருந்ததென்றால், பதிலும் எனக்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

வெளியே வந்து பாயில் உட்கார்ந்தேன். பதிவாளர் விரலால் இடத்தைக் காட்டினார். வளைவு போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

புதன்கிழமை அவள் மன்னாரில் இருந்தாள். நேர்முகக் கடிதத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

அவளுடைய புருஷனைக் கெட்டவன் என்று சொன்னால் என் பாரம் கொஞ்சம் இறங்கும். ஆனால் அவனும் ஒரு பட்டியலுக்காக அவசரப்பட்டவன்தான். வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்தது, அரைச்சுவர் எழும்பியது, மகள் வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது அவன் கத்தாருக்குப் போனான். முதலில் நாளுக்கு ஒரு தரம் போன் வந்தது. பிறகு வாரத்துக்கு ஒன்று. பிறகு நின்றுபோனது. அவன் நாட்டுக்குத் திரும்பி வந்து கொழும்புப் பக்கத்தில் வேறு குடும்பமாக இருக்கிறான் என்று மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவள் மூன்றரை வருடம் அந்த அரை வீட்டில், பிள்ளையோடும் நோயாளி மாமியோடும் இருந்தாள். என் கிணற்றுத் தண்ணீர் சவர் பட்டு உப்பாகிப் போயிருந்தது. குடிநீருக்கு அவள் தூரத்துக்கு நடந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் நான் போன் எடுப்பேன். "நல்லா ஈக்கிறேன் வாப்பா" என்பாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டாள். அந்த மௌனத்தையும் நான் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன். "கிணத்தக் கலக்கி எறச்சீங்களா?" என்று கேட்பேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. பிள்ளையிடம் நான் கிணற்றைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்.

மாமி மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு, ஒரு நாள் மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு கையில் பை, மறு கையில் மூன்று வயதுப் பேத்தி. யாருடைய அனுமதியும் கேட்கவில்லை. "வந்திட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் கலியாண வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றத்தில் அவள் பிரிவு கேட்டு வழக்குப் போட்டாள். நானும் கூடப் போனேன். எத்தனையோ பேருடைய வழக்கைப் பார்த்தவன் என்ற நினைப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன் என்றுகூடச் சொல்லலாம். காதியார் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். புருஷன் எப்போது போனான் என்று அவளிடம் கேட்டார். நான் பதில் சொன்னேன். செலவுக்கு ஏதும் அனுப்பினானா என்று கேட்டார். அதற்கும் நான் சொன்னேன். மூன்றாவது கேள்விக்கும் நான் வாயைத் திறந்தபோது, அவர் கையைத் தூக்கினார்.

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. புள்ள சொல்லட்டும்."

நான் வாயை மூடினேன். மகள் பேசினாள். கால் மணி நேரம் பேசினாள். அழவில்லை, திக்கவில்லை, எந்த மாதம் என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொன்னாள். சேரிடம் வந்த எந்தச் சாட்சியும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பிரசவ வலி வந்த அன்றைக்கு மூன்று மைல் தூரம் உழவு மெசின் இழுக்கும் பெட்டியில் படுத்துக்கொண்டு போனதைச் சொன்னாள். எனக்கு அது தெரியாது. அன்றைக்கும் நான் போனில் பேசியிருக்கிறேன்.

கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சேரின் சொற்பொழிவு என் நினைவுக்கு வந்தது. ஒல்லாந்தர் சட்டத்தில் தகப்பன் பேசாமல் இருந்தால் பிள்ளைக்கு விடுதலை. என் வீட்டில் பிள்ளை பேசாமல் இருந்ததால் தகப்பனுக்குக் கையெழுத்து. இரண்டுக்கும் பெயர் சம்மதம்தான்.

வழக்கு அவளுக்குச் சார்பாக முடிந்தது. அதற்குப் பிறகு அவள் இங்கேயே ஒரு முன்பள்ளியில் சேர்ந்தாள். கல்வியியற் கல்லூரிக்கு வயது தாண்டிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு நிறம் சொல்லிக்கொடுத்து, மூக்குத் துடைத்துவிட்டு, பின்னேரம் வருவாள். என்னோடு முகம் கொடுத்துப் பேசுவாள், மருந்து வாங்கித் தருவாள். ஒரு நாளும் அவள் என்னைக் குற்றம் சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற விண்ணப்பம் வந்த பின்னேரம், விறாந்தையில் மகள் அதை நிரப்பிக்கொண்டிருந்தாள். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் தன் கையெழுத்தை வைத்தாள். அவளுடைய கையெழுத்தை அவ்வளவு கிட்ட நின்று நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. சின்னதாக, நேராக, வளைவு எதுவும் இல்லாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"மக, அண்டைக்கு நான் உள்ள வந்து கேக்கக்குள்ள, நீ வேணாண்டு ஒரு சொல்லு சொல்லியிருந்தா நான் நிப்பாட்டியிருப்பேன். ஏம்மா பேசாம இருந்த?"

கேட்டது மன்னிப்பைப் போல இருந்தது. உண்மையில் பாதிப் பழியை அவள் தலையில் வைக்கத்தான் கேட்டேன். அவளுக்கு அது விளங்கியிருக்கும். பேனையை மூடி வைத்தாள்.

"நான் பேசினேன் வாப்பா. அதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தியே பேசினேன். நீங்க டைப் அடிச்சிக்கிட்டு இருந்தீங்க."

"எப்ப? அந்த டீ கொண்டு வந்த அண்டைக்கா? நீ அந்த விக்கிற கதையத்தானே கேட்ட?"

"அதுக்குப் பொறவும் சொன்னேன். நீங்க 'ம்' எண்டீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. விண்ணப்பத்தை இரண்டாக மடித்து உறைக்குள் போட்டாள். பேத்தி முற்றத்தில் செருப்பில்லாமல் நிற்கிறது என்று எழும்பிப் போனாள்.

நான் அதை நம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை மனதுக்குள் பேசியதை வாயால் பேசியதாக நினைக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தியக் கடதாசி அடித்த மூளை அப்படித்தான் வேலை செய்யும், ஆதாரம் கேட்கும். அடுத்த நாள் காலையில், அவள் முன்பள்ளிக்குப் போன பிறகு, நான் ஆதாரம் தேடினேன். அலுமாரியின் கீழ்த்தட்டில், மனைவி குப்பை என்று சொல்லும் கட்டுகளுக்குள், அந்தச் சொற்பொழிவின் முதல் படிக் காபன் பிரதி இருந்தது. அவள் பேசவில்லை என்று நிரூபிக்கத்தான் அதை எடுத்தேன்.

ஐந்தாவது பக்கம், ஒல்லாந்தர் சட்டம். வெள்ளிக்கிழமை பின்னேரம் அடித்த பக்கம். "பிள்ளை தனியே வாழ்ந்து தொழில் செய்வதைத் தகப்பன் அறிந்தும்" என்று வரி தொடங்குகிறது. அதற்கு அடுத்தாற்போல் ஓர் இடத்தில் நீளமாகக் கோடு அடித்திருக்கிறது, என் வழக்கமான கோடு, ஒரே ஓட்டம். மூல எழுத்து கோட்டுக்குக் கீழே மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். "எனக்கு இப்ப வேணாம் வாப்பா நான் படிக்கப் போறேன்."

கோட்டுக்கு அந்தப் பக்கம் வரி தொடர்கிறது: "பேசாமல் இருந்தால், அது அவருடைய சம்மதமாகக் கொள்ளப்படும்." பிழையைத் திருத்திவிட்டு நான் தொடர்ந்து அடித்திருக்கிறேன்.